பதியுதீன் சொல்லாமல் விட்டது

போன வாரத்துக் கதையில் கலந்தரை நாவிதன்வெளி வயலில், நெல் சூடடிக்கும் களவெட்டியில் விட்டுவிட்டு வந்தோம். நாலு மாதத்துக்கு முன் இடது காலில் இரத்தம் உறைந்து, கால் வாழைத்தண்டு போல வீங்கி, கொழும்பு ஆசுபத்திரியில் மூன்று வாரம் படுத்தெழும்பி வந்த மனிதர் அவர். அறுவடை என்றதும் யார் சொல்லையும் கேட்கவில்லை. "கால் இப்ப நல்லா இரிக்கு. மருந்துக் குளிசையையும் பையில போட்டிருக்கன். மூணு நாளில வந்திருவன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஆறு நாளாகியும் வரவில்லை.

கல்முனையில் அவருடைய மனைவி ஹாஜறா விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பாலமுனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இளைய மகள் றபீக்காவின் கலியாணப் பேச்சு அன்றைக்கு முடிவாக வேண்டும். வாப்பா இல்லாமல் அந்தச் சபை எப்படிக் கூடும்?

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நெல் மூட்டை ஏற்றிய உழவு மிசின் வந்து கேற்றடியில் நின்றது.

கலந்தர் மூக்கில் லேஞ்சித் துணியை அழுத்திப் பிடித்தபடி இறங்கினார். வெள்ளை லேஞ்சி பாதிக்கு மேல் சிவந்திருந்தது.

"என்ன இது?" ஹாஜறா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"ஒண்டுமில்ல புள்ள. சூடு. வெயிலுக்க நிண்டது."

"எப்ப தொடங்கின?"

"விடியச் சுபஹுத் தொழ ஒளுச் செஞ்சி முகங் கழுவக்குள்ள. நிக்கும், நிக்கும். நீ கத்தி ஊரக் கூட்டாத."

மூத்த மகள் நதீரா வாப்பாவைக் கதிரையில் இருத்தித் தலையைக் குனியச் சொன்னாள். நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். அவளுடைய கணவன் பதியுதீன் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். முகம் எண்ணெய் பூசிய காகிதம் மாதிரி வெளிறியிருந்தது.

"மாமா, குளிசையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒரு நாளும் விடல்ல மருமகன். ஒவ்வொரு நாளும் பொழுதுபட மஃரிபு தொழுத கையோட."

"கூடப் போடல்லயே?"

"எனக்கென்ன புத்தி பேதலிச்சா?"

ஹாஜறா அவரை அறைக்குள் கூட்டிப்போய் இரத்தம் பட்ட சட்டையைக் கழற்றினாள். கழற்றிய கை அந்தரத்தில் நின்றது.

வலது இடுப்புக்கு மேல் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கண்டிப்போய்க் கறுத்திருந்தது. கத்தரிக்காய்த் தோலின் நிறம்.

"வரம்புல சறுக்கிட்டன்" என்றார் அவள் கேட்கும் முன்பே.

அவர் வாய் திறந்தபோது கராம்பு மணந்தது. கராம்புக்குக் கீழே இன்னொன்றும் மணந்தது. கராம்பு எதற்காக வாய்க்குள் போனதோ, அது.

ஹாஜறா ஒன்றும் கேட்கவில்லை. வேறு சட்டை எடுத்துப் போட்டுவிட்டாள்.

அவள் கேட்காமல் விட்டது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதல்ல. முப்பது வருஷமாகிறது.

கல்லோயா அணை கட்டிய காலம் அது. கலந்தருக்கு அப்போது இருபத்தைந்து வயது. இங்கினியாகலையில் வெள்ளைக்காரக் கொம்பனியின் புல்டோசர் ஓட்டினார். கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் உம்மா வீட்டை விட்டு அசைவதில்லை; மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஹாஜறா மட்டும் பதினேழு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு புருஷனுக்குப் பின்னால் காட்டுக்குள் போனாள். உம்மா மூன்று நாள் அழுதாள்.

வரிசையாகத் தகரக் கூரை போட்ட அறைகள். அடுத்த அறையில் காரைதீவுக் கனகரெத்தினமும் அவருடைய மனைவி அன்னப்பிள்ளையும். கனகரெத்தினமும் புல்டோசர்க்காரர்தான். பகலெல்லாம் மலையை உடைக்கும் சத்தம் கேட்கும். பின்னேரத்தில் யானைகள் குளத்து மண்ணில் இறங்கும். சனிக்கிழமைகளில் இரண்டு மரங்களுக்கிடையில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். என்ன பாஷை என்றே தெரியாத படத்தை ஹாஜறாவும் அன்னப்பிள்ளையும் ஒரே பாயில் இருந்து வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒரு சட்டியில் சமைத்து இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்ட நாட்கள் அவை.

அந்தச் சனிக்கிழமைகளில்தான் ஆண்கள் இருவரும் செம்மண் புழுதியும் டீசலும் மணக்க வருவார்கள். கூடவே இன்னொரு மணமும் வரும்.

முதல் நாள் அது என்னவென்று புரிந்து ஹாஜறா அழுதபோது, அன்னப்பிள்ளை அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "கேக்காத தங்கச்சி. கேட்டா பொய் சொல்லுவாங்க. ஒருக்காப் பொய் சொல்லிப் பழகினா மறுகா எல்லாத்துக்கும் சொல்லுவாங்க."

ஹாஜறா கேட்கவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை. மூத்தவள் நதீரா பிறந்ததும் அவர் தானாகவே விட்டுவிட்டார். பிறகு ஊருக்கு வந்தார்கள். வயல் வாங்கினார். தாடி வைத்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயராக்கினார்கள். ஆனாலும் வருஷத்தில் ஒருநாள், இரண்டுநாள், கனகரெத்தினத்தைச் சந்தித்துவிட்டு வந்தால் அவர் வாயில் கராம்பு மணக்கும். அன்றைக்கு அவர் முகத்தில் அந்தப் பழைய இருபத்தைந்து வயதுச் சிரிப்பும் இருக்கும்.

இந்த முறை ஆறு நாள். கனகரெத்தினத்தின் வயலும் பக்கத்து வயல்தான். அன்னப்பிள்ளை இறந்த பிறகு அந்த மனிதர் முழு நேரமும் வயல் குடிசையில், வாடியிலேயே கிடந்தார்.

எட்டரை மணிக்கு மூக்கு நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். நதீரா சுடச்சுடக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மிடறு குடித்தவர் எழுந்து முற்றத்துக்குப் போக முயன்றார். படியிலேயே வாந்தி வந்துவிட்டது.

கோப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்தது போல இருந்தது. நடுவில் சிவப்பு.

"உம்மா!" என்று நதீரா கத்தினாள்.

கலந்தர் படியில் சரிந்தார். பதியுதீன் அவரைத் தாங்கிக்கொண்டான். "றபீக்கா, முன்வீட்டுக்கு ஓடு. காரக் கொண்டு வரச் சொல்லு. கெதியா!"

*

ஆசுபத்திரியில் ஆண்கள் வாட்டு நிறைந்திருந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை; முப்பது வயது இருக்காது. கலந்தரின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். வயிற்றை அமத்திப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கறுப்பைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"என்ன மருந்து பாவிக்கிறவர்?"

பதியுதீன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினான். கொழும்பில் கொடுத்தது. டாக்டர் அதைப் பார்த்தாள்.

"வோபரின். கடைசி இரத்தப் பரிசோதனை எப்ப?"

"போன மாசம் போகவேண்டியது டாக்டர். வெட்டு முடியட்டும் எண்டு தள்ளிப் போட்டுட்டாரு."

"கூடக் குளிசை போட்டவரோ?"

"இல்ல."

"வேற மருந்து? தலையிடிக் குளிசை, நாட்டு மருந்து?"

"இல்ல டாக்டர்."

"குடிக்கிறவரோ?"

பதியுதீனின் முகம் சிவந்தது. வாட்டில் பாதிப்பேர் ஊர்க்காரர். கேள்வி எல்லாக் கட்டில்களையும் தொட்டுக்கொண்டு போவது போல இருந்தது அவனுக்கு.

"டாக்டர், நாங்க முஸ்லிம் ஆக்கள். மாமா பள்ளிவாசல் மரைக்காயர்."

"நான் அவற்ற சமயத்தைக் கேக்கயில்லை மாஸ்ரர்." டாக்டர் கோபப்படவில்லை, அவசரப்பட்டாள். "இது வயித்துக்குள்ள இருந்து வாற இரத்தம். ஏன் வருது எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் வைத்தியம் செய்தால், இண்டைக்கு நிப்பாட்டி அனுப்புவன், நாளைக்கழிச்சுத் திரும்ப வருவார். அப்ப பிந்திப்போகலாம்."

ஹாஜறா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், காலில் பிளாஸ்ரர் போட்டுக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரை உள்ளே வரும்போதே அவள் அடையாளம் கண்டுவிட்டாள். பாலமுனை மீராசா. றபீக்காவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா. அந்தக் குடும்பத்தில் அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. போன மாதம் சம்பந்தம் பேச வந்தபோது, "மரைக்காயர் வீடு எண்டா நாங்க வேற ஒண்டும் விசாரிக்கத் தேவல்ல" என்று சொன்னவரும் அவர்தான்.

ஹாஜறா கணவரின் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்து, பல்லிடுக்கில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண் மூடியிருந்தது.

"குடிச்சவரு டாக்டர்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"ஆறு நாளாக் குடிச்சிருக்காரு. சாராயம்."

"உம்மா..." என்றாள் நதீரா.

"மாமி!" என்றான் பதியுதீன்.

"எவ்வளவு எண்டு எனக்குத் தெரியா. வரம்புல உழுந்தும் இரிக்காரு. இடுப்பப் பாத்தீங்கதானே."

டாக்டர் ஒரு கணம்தான் அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தாதி மிஸ்ஸியிடம் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். ஊசி, சேலைன், இரத்தம் எடுத்து வகை பார்ப்பது. மிஸ்ஸி ஓடினாள்.

ஊசி போட்டபடியே டாக்டர் ஹாஜறாவுக்கு விளங்கப்படுத்தினாள். "அம்மா, இந்தக் குளிசை இரத்தத்தைக் கட்டியாக விடாது. காலுக்கு அது வேணும். ஆனால் அளவு ஒரு மயிரிழை. கூடினால் எங்கெங்கையோ எல்லாம் ஒழுகும். சாராயம் நாள்தோறும் போனால் அந்த அளவு குழம்பிப்போகும். வயித்தையும் புண்ணாக்கும். வெறியில விழுந்தெழும்பினால் உள்ளுக்க கண்டிப்போகும். மற்ற ஆளெண்டால் எழும்பித் தட்டிப்போட்டுப் போவார். இவரால ஏலாது." சற்று நின்று கேட்டாள்: "கொழும்பில உங்களுக்கு இதொண்டும் சொல்லயில்லையோ?"

"எல்லாம் சொன்னாங்க டாக்டர். கீரையெல்லாம் ஒரே அளவாத் தின்னணும், பல்லுப் புடுங்குறதெண்டா முதல்ல சொல்லணும், கேக்காம வேற குளிசை போடக் கூடாது... மருமகன் ஒவ்வொண்டா எனக்குச் சொல்லித் தந்தவரு. இத மட்டும் ஆரும் சொல்லல்ல."

பதியுதீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

பதினொரு மணிக்குக் கனகரெத்தினம் வந்தார். நாவிதன்வெளியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மிசின்காரன் திரும்பி வந்து சொல்லித்தான் தெரிந்ததாம்.

வாட்டு வாசலில் மர வாங்குப் பலகையில் இருந்த ஹாஜறாவைக் கண்டதும் அவர் கிட்ட வராமல் தூணோடு நின்றுவிட்டார்.

"தங்கச்சி..."

"வாங்க அண்ணன். இரிங்க."

"மச்சான் எப்படி?"

"ஊசி போட்டிரிக்கி. ரெத்தம் ஏத்தணுமாம். மருமகன் குடுக்கப் போயிரிக்காரு." பிறகு நேரே கேட்டாள்: "அண்ணன், அவரு வரம்புல உழுந்த நேரம் தலையில அடிபட்டதா? டாக்டர் ரெண்டு தரம் கேட்டுட்டாங்க."

"இல்ல தங்கச்சி. சத்தியமா இல்ல. நான் பக்கத்திலதான் நிண்டன். தண்ணி போற வக்கடையில கால் வச்சி வழுக்கி, இடுப்புத்தான் கல்லுல பட்டது. எழும்பிச் சிரிச்சான்." கனகரெத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டார். "சிரிச்சான் தங்கச்சி."

ஹாஜறா நதீராவை அனுப்பி டாக்டரிடம் அதைச் சொல்லச் செய்தாள். பிறகு வாங்கின் மறு நுனியைக் காட்டினாள். கனகரெத்தினம் உட்கார்ந்தார்.

"அவரு குளிசை போடுறது உங்களுக்குத் தெரியாதா?"

"பின்னேரம் ஒண்டு போடுவான். றோஸ் கலர்ல. என்ன மச்சான் எண்டு கேட்டன். காலுக்கு விற்றமின் எண்டான்."

"ரெத்தம் இளக்கிற குளிசை எண்டு சொல்லல்லயா?"

"சொல்லியிருந்தா நான் ஊத்திக் குடுப்பனா?"

"அதான் சொல்லல்ல" என்றாள் ஹாஜறா.

வெளியில் வேப்பமரத்தடியில் சோற்றுப் பார்சலோடு ஆட்கள் காத்திருந்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் முறிந்து மறுபடி தளிர்த்த மரம். ஒன்றரை வருஷத்தில் நிழல் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

"நான் அவன வற்புறுத்தல்ல தங்கச்சி" என்றார் கனகரெத்தினம் கடைசியில். "அதுக்காக என்ட பிழை இல்லையெண்டும் சொல்ல மாட்டன். முதல் நாள் பின்னேரம் சூடு அடிச்சிட்டு இருந்தம். நெல்லுத்தூசி, மிசின்ர சத்தம், டீசல் மணம். இவன் திடீரெண்டு, 'மச்சான், இங்கினியாகலை மாதிரியே இரிக்குடா' எண்டான். அவ்வளவுதான். போத்தல் என்னட்ட இருந்திச்சி. அன்னம் போனதுக்குப் பிறகு என்னட்ட எப்பவும் இருக்கும்."

"அன்னம் அக்கா இருந்தா உங்க ரெண்டு பேரையும் விளக்குமாத்தால அடிச்சிருப்பா."

"ஓம். அடிச்சிருப்பா." கனகரெத்தினம் சிரித்தார், சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. "ஆறு நாளும் அவவப் பத்தித்தான் கதைச்சம். நீயும் அவவும் ஆனை வந்த அண்டைக்கு ஒரே கட்டிலுக்குக் கீழ பூந்து, வெளிய வர ஏலாம இறுகிக் கிடந்தீங்களே. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

"கட்டிலத் தூக்கித்தான் எடுத்தீங்க."

"நாலு பேர் தூக்கினம்."

ஹாஜறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசுபத்திரி வாங்கில், கணவன் உள்ளே இரத்தம் இல்லாமல் கிடக்கும்போது, எப்படி அந்தச் சிரிப்பு வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. கனகரெத்தினம் தலை குனிந்து இருந்தார்.

அந்த நேரத்தில் ஆசுபத்திரியின் மறுபக்கம், கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்தபடி பதியுதீன் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். ஒரு போத்தல் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். முகம் வாடியிருந்தது, இரத்தம் கொடுத்ததால் மட்டுமல்ல.

"நதீரா, உன்னட்ட ஒண்டு சொல்லணும். கொழும்பு டாக்டர் சொன்னவரு."

"என்னத்த?"

"மதுபானம் தொடவே கூடாதெண்டு. இங்கிலீசுல சொன்னாரு. மாமா பக்கத்துல இருந்தாரு, விளங்கல்ல. மத்ததெல்லாம் நான் அவருக்குத் தமிழ்ல சொன்னன். இது வந்ததும் நான் சிரிச்சிட்டு, டாக்டர், எங்க ஆக்கள் அது பாவிக்கிறல்ல எண்டன். அவரும் சிரிச்சிட்டு விட்டுட்டாரு. டாக்டர் என்ன சொன்னாரு எண்டு மாமா கேட்டாரு. ஒண்டுமில்ல மாமா எண்டன்."

நதீரா அவனையே பார்த்தாள்.

"எப்படிச் சொல்லுறது? மாமாட முகத்தப் பாத்து, நீங்க குடிக்கக் கூடாது எண்டு மருமகன் சொல்லுறதா? மரியாத இல்ல எண்டு நெனச்சன்."

நதீரா அவன் கையிலிருந்து பஞ்சை எடுத்துப் பார்த்தாள். இரத்தம் நின்றிருந்தது.

"உங்களுக்கு எவ்வளவு கெதியா நிண்டிட்டுது" என்றாள். "வாப்பாட்டச் சொல்லுங்க. என்னட்டச் சொல்லி என்ன?"

*

நாலு மணிக்கு இரண்டாவது போத்தல் இரத்தமும் ஏறி முடிந்தது. அதற்குப் பிறகு வாந்தி இல்லை. டாக்டர் வந்து நாடி பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். கசிவு நின்றிருந்தது.

"கண்டம் தாண்டிட்டுது எண்டு நான் இன்னும் சொல்ல மாட்டன்" என்றாள். "ஆனால் காலமை இருந்ததிலும் பார்க்க நல்லம். குளிசையை இப்ப நிப்பாட்டியிருக்கிறன். காலில வருத்தம் இருக்கிறபடியால் பிறகு திரும்பத் தொடங்கத்தான் வேணும். அப்ப இவர் ஒரு துளியும் தொடக்கூடாது. சரியோ அம்மா?"

"ஓம் டாக்டர்."

கலந்தர் கண் விழித்தபோது பதியுதீன்தான் பக்கத்தில் நின்றான். முதலில் தண்ணீர் கேட்டார். பதியுதீன் கரண்டியால் வாயை நனைத்தான். பிறகு அங்கேயே, கரண்டியைக் கையில் வைத்தபடி, கொழும்பில் நடந்ததையும் காலையில் மாமி டாக்டரிடம் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

கலந்தர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் சொல்லியிருந்தா இது வந்திராது மாமா."

"அப்படித்தான் சொல்ல எனக்கும் ஆசையா இரிக்கு, மருமகன்." குரல் மெலிந்திருந்தது. "நீங்க சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டன் எண்டு. ஆனா அண்டைக்கு அந்த வாடியில இருந்த நான் என்ன செஞ்சிருப்பன் எண்டு எனக்கே தெரியா. பிழையப் பங்கு போட வேணாம். பெரிய பங்கு எனக்கு." சற்று இளைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஒண்டு செய்ங்க. எனக்கு வெக்கம் வரும் எண்டு பாத்து ஒரு சொல்லையும் உழுங்காதீங்க. என்ன?"

"ஓம் மாமா."

"எங்க ஹாஜறா?"

பதியுதீன் விலகிக்கொண்டான். ஹாஜறா வந்து கட்டிலோடு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவர் அவள் கையை மட்டும் பார்த்தார்.

"நீதான் சொன்னியாம்."

"ஓம்."

"சத்தமாவா?"

"வாட்டு முழுக்கக் கேட்டிருக்கும்."

கலந்தர் கண்ணை மூடினார்.

"எப்பிருந்து தெரியும் உனக்கு?"

"கராம்பு கடையில வாங்கி வைக்கிறது நான்தானே."

அவர் சிரிக்க முயன்று, இடுப்பு வலியில் முகம் சுளித்தார்.

"ஏன் புள்ள ஒரு நாளாவது கேக்கல்ல?"

அன்னப்பிள்ளை சொன்ன புத்தியைச் சொல்லலாமா என்று ஹாஜறா யோசித்தாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்று இன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்குத் தெரியும்.

"அந்த மணம் வந்தா எனக்கு இங்கினியாகலை வரும்" என்றாள். "தகரக் கூரை, செம்மண், நீங்க தொப்பியில்லாம விசிலடிச்சிக்கிட்டு வாறது. ஊருக்கு வந்த பொறகு நீங்க பெரிய மனுசனாப் போனீங்க. மரைக்காயர். வீட்டுக்குள்ளயும் மரைக்காயர்தான். வருஷத்துல ஒரு நாள் அந்தப் புல்டோசர்க்காரன் வந்துட்டுப் போவான். எனக்கும் அது வேணும் போல இரிந்திச்சி. மார்க்கத்துல ஹறாம் எண்டு தெரியும். தெரிஞ்சும் கண்ண மூடிக்கிட்டன். என்ட பங்கும் அதுல இரிக்கு."

கலந்தரின் கண்ணோரத்தில் நீர் இறங்கித் தலையணையில் ஊறியது. அவர் துடைக்கவில்லை.

"அந்தப் புல்டோசர்க்காரனுக்குக் குடிக்காமலும் விசிலடிக்கத் தெரியும் புள்ள" என்றார்.

"இப்ப வேணாம். மிஸ்ஸி ஏசுவா."

வாசலில் கனகரெத்தினம் நின்றார். உள்ளே வரலாமா என்று கண்ணாலே கேட்டார். கலந்தர் விரலை மட்டும் அசைத்தார். கனகரெத்தினம் வந்து கால்மாட்டில் நின்று, போர்வைக்கு மேலாக நண்பனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விற்றமின் எண்டு பொய் சொன்னன் மச்சான்" என்றார் கலந்தர். "குளிசையில ஓடுற கிழவன் எண்டு நீ நினைச்சிருவாய் எண்டுதான்."

"நானும் பிரெசருக்குப் போடுறன்டா. உனக்குத் தெரியாம வாடிக்குப் பின்னால போய்ப் போட்டன்."

அதைக் கேட்டபடியே கலந்தர் தூங்கிப்போனார். இந்த முறை அது மயக்கமல்ல, தூக்கம்தான். ஹாஜறா மூச்சைக் கவனித்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். கனகரெத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பதியுதீனும் நதீராவும் மருந்துச் சீட்டோடு வெளியே போனார்கள்.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது.

"தங்கச்சி."

பக்கத்துக் கட்டிலிலிருந்து மீராசா. காலையில் ஹாஜறா சொன்னதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் இப்போது முழங்கையை ஊன்றி நிமிர்ந்திருந்தார். அவருடைய தம்பி மனைவி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா, எப்போது வந்தாளோ, அவர் தலைமாட்டில் நின்றிருந்தாள். கண்ணை ஹாஜறாவிடமிருந்து எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழம நாங்க வாற விஷயமா உங்களோட ஒண்டு கதைக்கணும்" என்றார் மீராசா.

நேற்றைய ஹாஜறாவாக இருந்தால் முக்காட்டை இழுத்துவிட்டு, "மருமகன் வரட்டும் காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி ஒதுங்கியிருப்பாள்.

அவள் எழுந்தாள். கணவரின் போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டாள். ஸ்டூலைத் தூக்கி மீராசாவின் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டு, நேராக உட்கார்ந்தாள்.

"கதைங்க காக்கா" என்றாள். "அவரு நித்திரை. கொஞ்சம் மெல்லமாக் கதைங்க."